முள்ளங்கி நாற்றை வீட்டுக்குள்ளிருந்து வெளியே மாற்றுவது: சிங்கப்பூருக்கான முழு வழிகாட்டி

முள்ளங்கி விதைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், வசந்தத்தின் தொடக்கத்தில் நாற்றை வெளியே கொண்டுபோகச் சொல்லியிருக்கும். பனி விலகி மண் மெல்லச் சூடாகும் நாடுகளுக்காக எழுதிய குறிப்பு அது. அங்கே இளநாற்றுக்குக் குளிர்தான் எமன். இங்கே பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25. குளிருக்கு இங்கே வேலையில்லை. நாற்றைக் கொல்வது நேர்வெயிலும், அறைந்து பெய்யும் மழையும், மேல்மாடித் தாழ்வாரங்களில் நிற்காமல் வீசும் காற்றும். வெளியே மாற்றும் முறையை அந்தப் பொட்டலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால் நாற்று இரண்டாம் நாளே வெளுத்துவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கத்தரி, தக்காளி நாற்றைப் பிடுங்கி நடலாம். அறுந்த வேரை ஈடுகட்டப் புது வேர் விடும். முள்ளங்கியில் நாம் சாப்பிடப்போவதே ஆணிவேரின் மேற்பகுதியும் அதற்கு மேலுள்ள தண்டின் அடியும்தான். ஆணிவேர் நுனி ஒடிந்தால் செடி பிழைத்துக்கொள்ளும், கிழங்கு பிழைக்காது. இரண்டு கால், மூன்று கால் முளைத்துத்தான் வெளிவரும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போவது ஒன்றைத்தான்: இடத்தை மாற்றுங்கள், வேரைத் தொடாதீர்கள்.

எப்போது தொடங்குவது

சிங்கப்பூரில் வசந்தத்துக்கு மிக அருகில் வரும் பருவம் தை மாதம்தான். டிசம்பரிலும் ஜனவரி முற்பாதியிலும் வடகிழக்குப் பருவமழை வலுவாக இருக்கும். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும். வெப்பம் குறைவு என்றாலும் வெளிச்சமும் குறைவு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை அதே பருவக்காற்றின் உலர்ந்த பகுதி. ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரி. காற்றில் ஈரப்பதம் சற்றுக் குறைந்து, வெயில் நிறையக் கிடைக்கும்.

பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 16 முதல் 25-க்குள் வீட்டுக்குள் விதையுங்கள். மாத முடிவில் வெளியே மாற்றலாம். 45 நாள் ரகமென்றால் மார்ச் முதல் பத்து நாளில் அறுவடை. அதற்குப் பின் வரும் ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்திலும் பிற்பகல் இடிமழையிலும் முள்ளங்கி வளர்ப்பது வீண் வேலை. ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு முறை முயலலாம். விளைச்சல் இந்த அளவுக்கு வராது.

எந்த ரகம்

சிவப்பு உருண்டை முள்ளங்கி அழகாக இருக்கும், 25 முதல் 30 நாளில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். இங்கே பெரும்பாலும் இலையாகவே வளர்ந்து, வேர் பென்சில் கனத்தோடு நின்றுவிடும். முதல்முறை வளர்ப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். வெப்பம் தாங்கும் நீள வெள்ளை ரகத்தைத் தேடுங்கள். இந்தியாவில் கோடைக்காகவே உருவாக்கிய 'பூசா சேத்கி' 40 முதல் 45 நாளில் தயாராகும். கிழங்கு ஒரு சாண் நீளத்துக்குள் அடங்குவதால் தொட்டிக்கும் தோது. சந்தையில் நாம் வாங்கும் பெரிய வெள்ளை முள்ளங்கி குளிர்ந்த மலைப்பகுதிப் பயிர். உணவங்காடியில் 'கேரட் கேக்' என்ற பெயரில் கேரட்டே இல்லாமல் வருகிறதே, அதில் போடுவதும் அந்த வெள்ளை முள்ளங்கிதான். அந்த அளவு கனத்தைத் தாழ்வாரத் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள்.

விதையைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் அலமாரியில் கிடக்கும் விதை சீக்கிரமே முளைப்புத்திறனை இழக்கும். சந்தேகம் இருந்தால் 10 விதையை ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து மூன்று நாள் வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் கீழே முளைத்தால் புது விதை வாங்குவதே மேல்.

தொட்டியை நகர்த்துவதா, நாற்றை நகர்த்துவதா

வளரப்போகும் இடம் உங்கள் வீட்டுத் தாழ்வாரமோ பால்கனியோ என்றால் நாற்றை மாற்றி நடவே வேண்டாம். கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே விதைத்து, அந்தத் தொட்டியை வெளியே நகர்த்துங்கள். வேர் அசையாது, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. 30 செ.மீ. ஆழமுள்ள 20 லிட்டர் பையில் சேத்கி போன்ற ரகம் நான்கு வளர்க்கலாம். நனைந்த பிறகு அந்தப் பை 15 கிலோவுக்குக் குறையாது. எனவே மண் நிரப்பும் முன்பே சக்கரப் பலகை மேல் வைத்துவிடுங்கள்.

சமூகத் தோட்டத்திலோ, தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தியிலோ நடப்போகிறவர்களுக்கு நாற்று தேவைப்படுகிறது. அங்கே நேரடியாக விதைத்தால் ஒரே மழையில் விதை ஓரத்துக்கு அடித்துப்போகும். தப்பியது முளைத்ததும் நத்தை வரும், மைனா வரும், சில பேட்டைகளில் காட்டுக்கோழி வந்து கிளறிவிடும். ஒரு வாரம் வீட்டுக்குள் வளர்த்துக் கொண்டுபோனால் இந்த ஆபத்தான நாள்களைத் தாண்டிவிடலாம். கழகத்தின் வாடகைப் பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். நான்கு வரிசை போட்டால் 70 செடிக்கு மேல் கொள்ளும். அத்தனையையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, 70 முள்ளங்கியும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது விழிக்காதீர்கள். வாரம் ஒரு வரிசை போதும்.

விதைப்பு

நாற்றுக்குக் கலவை இது: தேங்காய்நார்த் தூள் இரண்டு பங்கு, சலித்த மட்கு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைக் குருணை) ஒரு பங்கு. 650 கிராம் நார்க்கட்டி தண்ணீரில் ஊறி எட்டு லிட்டர் அளவுக்குப் பெருகும். ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு மிச்சமிருந்தால் விதையிலையின் ஓரம் கருகும்.

குழி ஆழம் குறைந்த சாதாரண நாற்றுத்தட்டு முள்ளங்கிக்கு ஆகாது. 4, 5 செ.மீ. குழியில் ஆணிவேர் ஒரு வாரத்துக்குள் அடியைத் தொட்டு வளைந்துகொள்ளும். வளைந்த வேர் பிறகு நேராகாது. டிஷ்யூ ரோலின் அட்டைக்குழாய் 10 செ.மீ. உயரம், 4 செ.மீ. அகலம், அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். குழாய்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நெருக்கமாக நிறுத்தி, கலவையை நிரப்பி, டப்பாவைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். இறங்கிய இடத்தில் மறுபடி நிரப்புங்கள். ஒரு குழாய்க்கு இரண்டு விதை, 1 செ.மீ. ஆழம்.

இந்த வெப்பத்தில் இரண்டு, மூன்று நாளில் முளைத்துவிடும். முளை தலைகாட்டிய அன்றே டப்பா வீட்டிலேயே வெளிச்சமான சன்னலுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சமையலறை மேடையிலேயே விட்டால், தண்டு நூல்போல் நீண்டு சாய்ந்து நிற்கும். சன்னலில் வெளிச்சம் போதாவிட்டால் வெள்ளை எல்இடி விளக்கை நாற்றுக்கு 15 செ.மீ. மேலே தொங்கவிட்டு ஒரு நாளைக்கு 14 மணிநேரம் எரியவிடுங்கள். இரண்டு முளைத்த குழாயில் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து அசையும்.

தண்ணீரை மேலே ஊற்றாமல் டப்பாவின் அடியில் ஒரு விரல்கடை ஊற்றி, அரைமணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் எப்போதும் நசநசவென்று இருந்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி, கிள்ளியதுபோல் மெலிந்து, நாற்று மடிந்துவிழும். இந்த நாற்றழுகல் ஒரு குழாயில் கண்டால் அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் சேர்த்து எறிந்துவிடுங்கள். மருந்து தேடும் நேரத்தில் புதிதாக விதைத்தே முளைத்துவிடும்.

வெயிலுக்குப் பழக்குதல்

முளைத்த மூன்றாம் நாளிலிருந்து இதைத் தொடங்குங்கள். சன்னலோரம் நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், வெளியே உச்சிவெயிலில் இருக்கும் ஒளியில் மிகச் சிறிய பங்குதான் அங்கே கிடைக்கிறது. அந்த நிழலில் உருவான இலைக்கு மேல்தோல் மெல்லியது. திடீரென்று வெயிலில் வைத்தால் சில மணிநேரத்தில் இலையில் காகிதம்போல் வெள்ளைத் திட்டு விழும். அது ஆறாது.

நேரத்தைக் கணக்கிடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தோட்டக் குறிப்புகள் காலை 10 மணிக்குள் நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லும். சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனை விட ஒரு மணிநேரம் முந்தி ஓடுகிறது. ஜனவரி கடைசியில் சூரியன் எழுவது 7.15-க்கு, உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15-க்குப் பக்கம். அந்த 10 மணி இங்கே 11 மணி. கடுமையான வெயில் நேரம் நண்பகல் 12 முதல் 3 வரை.

முதல் நாள் காலை 8 முதல் 9 வரை இளவெயில், பிறகு வெளியிலேயே நிழல், மாலையில் உள்ளே. இரண்டாம் நாள் 8 முதல் 10 வரை. மூன்றாம் நாள் 11 வரை வைத்து, இரவிலும் கூரையடியில் வெளியே விட்டுவிடலாம். இரவுக் குளிரைப் பற்றிய கவலை இங்கே கிடையாது. நான்காம் நாள் நண்பகல் வரை. ஐந்தாம் நாள் முழுவெயில், ஆனால் 12 முதல் 3 வரை 50 விழுக்காட்டு நிழல்வலை. இடையில் ஒரு நாள் முழுக்க மேகமூட்டமாகப் போனால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காற்றுக்கும் பழக வேண்டும். பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் அட்டைக்குழாய் நான்கு பக்கமும் காய்ந்து, காலையில் நனைத்தது மதியத்துக்குள் உலர்ந்துவிடும். இந்த ஐந்து நாளும் காலை ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை விரலை வைத்துப் பாருங்கள்.

தாழ்வாரத்தில் எங்கே வைப்பது

முள்ளங்கி கிழங்கு வைக்க ஐந்து, ஆறு மணிநேர நேர்வெயில் வேண்டும். உங்கள் தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால் சூரியன் ஆண்டில் பாதி நாள் வடக்கே சாய்ந்தும் பாதி நாள் தெற்கே சாய்ந்தும் நடமாடுகிறது. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு வெயில். மற்ற மாதங்களில் தெற்கு பார்த்ததற்கு. நம் தை விதைப்புக்குத் தெற்கும் கிழக்கும் நல்லவை. வடக்கு பார்த்த வீடென்றால் இந்தப் பருவத்தில் கீரையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மேற்கு வெயில் கிடைக்கும், ஆனால் தொட்டி கொதித்துப்போகும். கறுப்புத் தொட்டியாக இருந்தால் வெள்ளைத் துணியோ அட்டையோ சுற்றுங்கள்.

தரையில் வைத்தால் மதில் நிழலிலேயே பாதி நாள் போய்விடும். 60, 70 செ.மீ. உயர அடுக்குமேசை மேல், தாழ்வாரத்தின் உள்பக்கமாக வையுங்கள். மதில் மேலோ, மதிலுக்கு வெளியே தொங்கவிட்டோ ஒருபோதும் வைக்காதீர்கள். கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறது. விழுந்தால் வழக்கு வரை போகும். தீப்பாதுகாப்பு விதிப்படி நடந்துபோக 1.2 மீட்டர் அகலம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். உங்கள் நகர மன்றம் வேறு ஏதும் நிபந்தனை வைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரமே ஆகும். மேல்மண் இறுகி அதன்மேல் தண்ணீர் குட்டையாக நின்றாலும் ஆபத்துதான். வாரம் இருமுறை குச்சியால் மேலாகக் கிளறிவிடுங்கள்.

நடவு

நாற்று தயாரா என்பதை இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் வரும் இதய வடிவ இரண்டும் விதையிலைகள். அவற்றின் நடுவே ஓரம் வெட்டுப்பட்டு, சொரசொரப்பாக முதல் உண்மை இலை விரல்நகம் அளவுக்கு வந்திருந்தால் அதுதான் நேரம். விதைத்து எட்டு முதல் பத்து நாள் ஆகியிருக்கும். குழாயைத் தூக்கிப் பாருங்கள்: அடியில் வெள்ளை நூல் முனை எட்டிப்பார்த்தால் இன்றே நட்டாக வேண்டும். அது 2 செ.மீ. தொங்கிக்கொண்டிருந்தால் தாமதமாகிவிட்டது, நடலாம், ஆனால் கோணல் கிழங்குக்கும் தயாராக இருங்கள்.

பாத்தி மண்ணை ஒரு வாரத்துக்கு முன்பே 25 செ.மீ. ஆழம் கொத்தி, கல்லும் வேர்த்துண்டும் பொறுக்கிவிடுங்கள். இங்குள்ள செம்மண் காய்ந்தால் ஓடுபோல் இறுகும். நான்கில் ஒரு பங்கு மட்கு உரமும், நான்கில் ஒரு பங்கு ஆற்றுமணலோ சுட்ட மண்ணோ கலந்தால் கிழங்கு இறங்க வழி கிடைக்கும். கோழி எரு உருண்டையைக் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை முழங்கால் உயரம் வரும், கீழே ஒன்றும் இருக்காது. மட்காத எரு வேரைப் பிளக்கவும் செய்யும்.

மாலை ஐந்தரைக்கு மேல் நடுங்கள். இரவு முழுதும் நாற்று தேறிக்கொள்ளும். நடுவதற்கு இரண்டு மணிநேரம் முன்பு குழாய்களை நன்றாக நனையுங்கள். பாத்தியில் 12 செ.மீ. இடைவெளியில் பெருவிரல் கனமுள்ள குச்சியால் குத்தி, சுழற்றிச் சுழற்றிக் குழாய் நுழையும் அளவுக்குக் குழியை அகலமாக்குங்கள். குழியின் ஆழம் குழாயின் உயரத்தை விட 2 செ.மீ. கூடுதல். நனைந்த அட்டையின் ஓரத்தை மேலிருந்து அடிவரை கத்தரிக்கோலால் கீறி, குழியில் இறக்கி, இறக்கிய பிறகு அட்டையை மட்டும் மேலே உருவுங்கள். அட்டையோடு நட்டால் மட்கிவிடும் என்பது பொதுவான பேச்சு. நீண்ட நாள் பயிருக்கு அது சரி. முள்ளங்கியின் ஆயுளே ஆறு வாரம். அட்டை இளகும் முன்பே கிழங்கு பருக்கத் தொடங்கும். போதாததற்கு, மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அட்டை திரிபோல் வேரடி ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும்.

நாற்றைப் பிடிக்க வேண்டி வந்தால் விதையிலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் வேறு வரும், தண்டு நசுங்கினால் வராது. விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை மண் அணைக்கலாம். நூல்போல் நீண்ட நாற்றுக்கு இது அவசியம். இலைகள் மண்ணுக்குள் போகக் கூடாது. விரலால் அழுத்தாதீர்கள். பூவாளியால் ஒரு செடிக்கு ஒரு குவளை தண்ணீர் விட்டால் மண் தானாகவே வேரோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் பத்து நாள்

நட்ட மறுநாள் மதியம் இலை தொங்கும். பதற வேண்டாம். மாலை ஆறரைக்கு நிமிர்ந்திருந்தால் செடி நலம். மாலையிலும் தொங்கினால் மண்ணில் விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர்; ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அடிபட்டிருக்கிறது, இரண்டு நாள் நிழல்வலை போட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

நட்ட அன்றே வளைகம்பி நட்டு 0.8 மி.மீ. கண்ணுள்ள பூச்சிவலை போர்த்துங்கள். இது மழைத்துளியையும் உடைத்துத் தூறலாக்கும். தெள்ளுப்பூச்சிபோல் தத்தும் 2 மி.மீ. கறுப்பு வண்டுகள் இலையில் குண்டூசித் துளைகள் போடும். சின்னஞ்சிறு நாற்றில் இருபது துளை என்றால் செடி நின்றுவிடும். வலையின் ஓரத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஆனால் அதே பாத்தியில் முன்பு இந்த வண்டு தின்னும் சாய்சிம், கைலான் போன்ற கீரை இருந்திருந்தால் வலை எதிராகவே வேலை செய்யும். வண்டின் புழு மண்ணுக்குள்ளேயே இருந்து வளர்ந்து, வலைக்குள்ளேயே வண்டாகி வெளிவரும். அந்தப் பாத்தியில் ஒரு பருவம் வெண்டையோ தட்டைப்பயறோ போட்ட பிறகு முள்ளங்கிக்கு வாருங்கள்.

நடுக்குருத்து நூலாம்படையால் ஒட்டிக்கொண்டு, உள்ளே எச்சம் தெரிந்தால் குருத்துத் துளைக்கும் புழு. ஊசியால் எடுத்துப்போடுங்கள். குருத்து போயிருந்தால் அந்தச் செடியைக் கீரையாகப் பறித்துவிடலாம். நத்தைக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் கைவிளக்கோடு ஒரு சுற்று. ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள், அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

கிழங்கு ஏன் இப்படி ஆனது

இரண்டாகப் பிளந்து கால் முளைத்ததா? வேர் நுனி ஒடிந்திருக்கும், வளைந்திருக்கும், அல்லது கல்லில் முட்டியிருக்கும். இலை மட்டும் செழித்ததா? வெயில் குறைவு, நெருக்கம், தழைச்சத்து இம்மூன்றில் ஒன்று, பெரும்பாலும் வெயில். 20-ஆம் நாளில் 20 லிட்டர் பைக்கு ஒரு மேசைக்கரண்டி மரச்சாம்பல் தூவினால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கிடைக்கும், ஆனால் வெயில் இல்லாத குறையைச் சாம்பல் தீர்க்காது. நீளவாக்கில் வெடித்தால், இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாக நீர் கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும்போது திடீரென்று ஒரு மழை வந்தால் நடப்பது இதுதான். தினமும் அளவாக நீர் விட்டு, வைக்கோலையோ காய்ந்த இலையையோ இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் தடுக்கலாம். நாக்கைச் சுள்ளென்று எரிக்கும் காரம் வெப்பத்தாலும் வறட்சியாலும் வருவது. உள்ளே பஞ்சுபோல் சடசடத்தால் நாள் கடந்துவிட்டது.

நாள் கடத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. இன்னும் பருக்கட்டும் என்று காத்திருந்தால் பருப்பதற்குப் பதில் நார் ஏறும். விதைத்து 38-ஆம் நாளிலிருந்து ஒரு செடியின் அடிமண்ணை விரலால் ஒதுக்கிக் கிழங்கின் தோளை, அதாவது மேல்முனையை, பாருங்கள்; 3 செ.மீ. குறுக்களவு வந்ததும் அதைப் பிடுங்கி வெட்டிப் பாருங்கள். சதை ஈரமாக, பளிங்குபோல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிடுங்கியதும் இலையை வெட்டித் தனியே வைக்க வேண்டும். அப்படியே விட்டால் இலை கிழங்கிலிருந்து நீரை இழுத்து, மறுநாளே கிழங்கு தொய்ந்துவிடும். இலை அன்றைய பொரியலுக்கு. கிழங்கு ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.